ஏழாம் எண் முந்திய சனிக்கிழமை

டெரிக் உருவாக்கிய எதிரிகளுக்குக் கோபம் வராது. பித்தளையால் செய்த பன்னிரண்டு காவலர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒன்று அடித்த பிறகுதான் இரண்டு அடிக்கும். கெஞ்சினால் நிற்காது, ஓடினால் அவசரப்படாது.

இது கதையும் பகடையுமாக ஆடும் விளையாட்டு. டெரிக் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் ஒன்பதாம் மாடி வீடு, சனிக்கிழமை மதியம், டெரிக்கின் கட்டிலைச் சுற்றி ஆட்டம்.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. தொழிற்சாலையில் இயந்திர வரிசைகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தான். ஆறு வருடத்துக்கு முன் பைக் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தது. தோளுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. வாயில் கவ்விய குச்சியால் டேப்லெட்டைத் தட்டித்தான் முழுக் கதையையும் எழுதுகிறான்.

நான் பராமரிப்புப் பயிற்சி பெற்றவள். மூன்று வருடமாக அவனைக் கவனிக்கிறேன். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. சிறுநீர்க் குழாய் அடைபட்டால் அவர்களுக்கு அங்கே வலி தெரியாது. ஆனால் இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். கவனிக்காவிட்டால் மூளையில் இரத்தம் கசியும். நிமிடக் கணக்குதான். அதனால் சிறுநீர்ப் பையைக் கட்டில் கம்பியில், எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிவைப்பேன்.

அந்தச் சனிக்கிழமை நஸீஹா புதிதாக வந்திருந்தாள். குகனோடு வேலை பார்க்கும் பெண். குகன் பழைய ஆட்டக்காரன்.

"ஏண்ணே இப்படி ஒரு வில்லன்? ராட்சசன் கீட்சசன் வைக்கலாம்ல?" என்று டெரிக்கிடம் கேட்டாள்.

"ராட்சசன்கிட்ட பேசிப் பார்க்கலாம்மா. பொய் சொல்லலாம், அழுது காட்டலாம். ஆஸ்பத்திரில மூணு மாசம் கிடந்தேன். கையில பிரஷர் பார்க்குற பட்டை கட்டியிருந்தாங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அது இறுகும். எனக்கு உணர்ச்சி இல்ல, இறுகுறத கண்ணால பார்த்துக்கிட்டே கிடப்பேன். அதுக்கு என் மேல கோபமே கிடையாது. அதான் பயம்."

"அண்ணன் இன்னிக்கு உன்னை அழவெச்சுதான் அனுப்புவார்," என்றான் குகன். "ஒரு ரூல் இருக்கு. பித்தளையாளுங்க அடிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தா உன் வீரன் ஆட்டத்துல இருந்தே அவுட்."

நான் துணி மடிக்கப் பின்பக்கம் போனேன். அங்கிருந்தே டெரிக்கின் குரல் கேட்டது. பித்தளையாட்களுக்கென்று ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு குரல் வைத்திருப்பான்.

"ஒன்று அடிக்கிறது. இரண்டு அடிக்கிறது. மூன்று அடிக்கிறது." அடுத்த எண் வரத் தாமதமானது. "ஏழு... அடிக்கிறது."

"மூணுக்கு அப்புறம் நாலுதானே?" என்றாள் நஸீஹா.

"சும்மா இருலா. ட்ரிக் பண்றார்," என்றான் குகன்.

"இரண்டு," என்றது டெரிக்கின் குரல்.

"இல்ல குகண்ணே. இதுங்க தப்பே பண்ணாதுன்னு இப்பதானே சொன்னீங்க. ஆண்ட்டி, கொஞ்சம் வாங்க. டெரிக் அண்ணன் நம்பர் தப்பா சொல்றார்."

துணியைப் போட்டுவிட்டுப் போனேன். டெரிக்கின் முகம் கன்றிச் சிவந்திருந்தது. நெற்றியில் வேர்வை வழிந்தது. கைகள் வெளுத்து, மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. கட்டிலின் தலைப்பக்கத்தை முழுதாக உயர்த்தினேன். காலைத் தொங்கவிட்டேன். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினேன். அது இறுகுவதை டெரிக் பார்த்துக்கொண்டிருந்தான். இரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு. அவனுக்கு வழக்கமாகத் தொண்ணூற்றைந்துதான்.

கம்பியில் பை இல்லை.

"பை எங்க?"

குகன் நஸீஹாவைப் பார்த்தான்.

"குகன், பை எங்க?"

"பொம்பளப் பிள்ளை வருதே, பார்க்க நல்லா இருக்காதேன்னு... மெத்தைக்கு அடியில சொருகிட்டேன் ஆண்ட்டி. ஒழுங்கா மடிச்சுதான் வெச்சேன்."

"ஆம்புலன்ஸுக்கு போன் போடு. லிஃப்ட் நம்ம மாடிக்கு வராது, எட்டாவதுலதான் நிக்கும், ஒரு மாடி கீழ போய் பிடிச்சு வை."

அவன் ஓடினான். நான் கையை விட்டுத் துழாவினேன். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் பை இருந்தது. குழாய் இரண்டாக மடங்கி, டெரிக்கின் எடை முழுவதும் அதன்மேல் இருந்தது.

"அவன் தோளை உன் பக்கம் இழு. இன்னும். பயப்படாத, அவனுக்கு வலிக்காது."

நஸீஹா இழுத்தாள். பையை உருவிக் குழாயை நிமிர்த்திக் கீழே தொங்கவிட்டேன். முதலில் ஒன்றும் வரவில்லை. குழாயை விரலால் நீவினேன். சொட்டியது, பிறகு ஓடியது. பட்டை மறுபடி இறுகியது. நூற்று எழுபத்தெட்டு. மறுபடி. நூற்று ஐம்பது. பையில் எழுநூறு மில்லி நிறைந்தபோது நூற்றுப் பதினெட்டு. டெரிக் கண்ணை மூடித் திறந்தான்.

"தலை வெடிக்கிற மாதிரி இருந்துச்சு ஆண்ட்டி. ரவுண்டு முடியட்டும், அப்புறம் கூப்பிடலாம்னு இருந்தேன். அப்புறம் நம்பரே வரல."

"அடுத்த தடவ ரவுண்டு முடியறதுக்குள்ள உன் கதை முடிஞ்சிரும்."

"என் ரூல்தானே அது. நானே எப்படி மீறுறது?"

"முட்டாள்," என்றேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். குகன் வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொல்லி இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

"மூத்திரப் பை எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல குகண்ணே," என்றாள் நஸீஹா. "எங்கத்தா படுக்கையில இருந்த நாலு வருஷமும் அவருக்கு நான்தான் மாத்தினேன். என்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார்கள். வாய் திறக்கக்கூடாது என்ற விதியை டெரிக் எடுத்துவிட்டிருந்தான். புதிதாக ஒன்று வைத்திருந்தான். ஒவ்வொரு சுற்றும் பையில் தொடங்கும். அதைப் பார்த்துச் சொல்லாமல் யாரும் பகடையைத் தொடக்கூடாது.

நஸீஹா குனிந்து பார்த்தாள். "இருநூறு. குழாய் நேரா இருக்கு."

"குகன்?"

குகன் முழங்காலிட்டு, பையைக் கையிலேயே எடுத்துப் பார்த்தான். "இருநூறுதான் அண்ணே."

"சரி," என்றான் டெரிக். "ஒன்று அடிக்கிறது."