ஈரக்கை பிடித்த மீட்டர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு அதில் நட்டமில்லை. அந்த இரவு அந்த அறையில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இரவுப் பணிதான் கிடைத்தது. மருத்துவக் கருவிகளுக்கான ரெசிஸ்டர்களை, அதாவது சின்ன மின்தடைகளை, மல்டிமீட்டரில் அளந்து, தேறியதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் என்றால் 1.00 காட்ட வேண்டும். அளக்கும்போது இரண்டு முனைகளையும் விரலால் தொடக் கூடாது. தொட்டால் மின்சாரம் உடம்பு வழியாகவும் ஓடும். அளவு குறைவாகக் காட்டும்.

இது எங்கள் மேற்பார்வையாளரின் மண்டையில் ஏறவே இல்லை. அவருக்கு எந்நேரமும் உள்ளங்கை வியர்க்கும். நாங்கள் வைத்த பெயர் ஈரக்கை. நான் தேறியதாகப் பிரித்து வைத்ததை எடுத்து, இரண்டு கையாலும் கிள்ளிப் பிடித்து அளப்பார். 0.71 காட்டும். பழி என் தலையில்.

அன்று மாலையும் அதே கூத்து.

“எல்லாம் 0.71. கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?”

“உங்க கைதான் சார் தப்பு. கிளிப் மாட்டி அளந்து பாருங்க.”

“எனக்கே பாடமா? காலையில நானே அளப்பேன். ஒண்ணு குறைஞ்சாலும் நடையைக் கட்டு.”

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினார்.

நான் அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தவன். வேலை போனால் வீட்டு வாசலை மிதிக்காதே என்று மச்சான் சொல்லியிருந்தார். அதனால் அன்று ஒன்றுகூடத் தப்பக் கூடாது.

கதவைத் தாழிட்டேன். மீட்டரின் இரண்டு கம்பிகளிலும் கிளிப் மாட்டி, ரெசிஸ்டரைக் கவ்வ வைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். 1.00. அடுத்தது. 1.00. பல மணி நேரம் அப்படியே போனது.

மூன்று மணி தாண்டியது.

1.00... 0.93... 0.80...

0.71.

நின்றது.

கிளிப்பைத் துடைத்தேன். வேறு ரெசிஸ்டர் மாட்டினேன். 0.71. புது பேட்டரி போட்டேன். 0.71.

ரெசிஸ்டரையே கழற்றினேன். கிளிப்புகளுக்கு நடுவே வெறும் காற்று. எந்த எண்ணும் வரக் கூடாது.

2.45.

அது ஓர் உடம்பின் அளவு. ஒரு மெகா ஓமோடு சேர்ந்தால் 0.71 காட்ட வைக்கும் உடம்பு.

2.1... 1.6... யாரோ இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க இறங்குவது போல...

டக். டக்.

கிளிப்புகள் அசைந்தன.

தொட்டேன். ஈரம்.

பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது. தாழிட்ட அறைக்குள்ளும் ஈரக்கை வந்துவிட்டானா?

“கையை எடுய்யா! விட்டுத் தொலை!”

டக்.

எண் மறைந்தது.

கடிகாரத்தில் 3.12.

காலையில் தேறிய ரெசிஸ்டர்களைத் தட்டில் அடுக்கி வைத்துக் காத்திருந்தேன். வந்தது ஸ்டோர்க்காரம்மா.

“உன் தட்டை இனி அவர் அளக்க மாட்டார் தம்பி. நேத்து போற வழியிலேயே லாரி அடிச்சிருச்சு. ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடந்தாராம்.”

தட்டை மேசையில் தள்ளி வைத்தேன்.

“ரெண்டு கையும் எதையோ கிள்ளிப் பிடிச்ச மாதிரியே இருந்துச்சாம். நர்ஸ் பிரிச்சுப் பார்த்தும் விரல் விரியலையாம். அப்புறம் யாரோ அதட்டின மாதிரி சட்டுனு விட்டுச்சாம். அதோட மூச்சும் போச்சு.”

“எத்தனை மணிக்கு?”

“மூணு பன்னெண்டு. ஏன் கேக்குற?”

மேசையைப் பார்த்தேன்.

கிளிப்புகள் இன்னும் காயவில்லை.