அக்குபங்சரும் என் கொண்டையும்

வலது தோள்மூட்டு இறுகிப்போன அந்த வருடம் எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது கொண்டைதான். பல்கலைக்கழகத்தில் ஆய்வு முறைகள் படிப்பிக்கிறவள் நான். பலகையில் எழுத முடியாவிட்டால் திரையில் காட்டிச் சமாளிக்கலாம். கை தோளுக்கு மேலே போகாமல் தலையை எப்படி வாருவது? கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்தாறுமூலை வளாகத்துக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில், வயலுக்குப் புறப்பட்டு நின்ற கணவர்தான் என்னிடமிருந்து சீப்பை வாங்கினார். வைக்கோல் கட்டிப் பழகிய கை. முதல்நாள் அவர் கட்டிய கொண்டை பஸ்ஸில் ஏறுவதற்குள் அவிழ்ந்து விழுந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மருந்தும் பயிற்சியும் நடந்துகொண்டுதான் இருந்தன. அது போதாதென்று, நகரத்தில் அக்குபங்சர் செய்கிற ஒரு வைத்தியரிடம் போகலாம் என்று இவர் நச்சரிக்கத் தொடங்கினார். பக்கத்து வயல்காரருக்கு முதுகு நோ அதில்தான் மாறியதாம். ஒருவருக்கு மாறியது ஆதாரமாகாது என்று வீட்டிலேயே வகுப்பெடுத்தேன். ஆய்வுகளில், நாட்பட்ட வலிக்கு இந்த ஊசி குத்திக்கொண்டவர்கள், ஒன்றும் செய்யாதவர்களைவிட நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் தோலைத் துளைக்காத போலி ஊசியை வைத்தாலும் பலருக்கு வலி குறைகிறது. உண்மை ஊசிக்கும் போலிக்கும் இடையில் மிஞ்சுகிற வித்தியாசம் சிறியது. அதிலும் என் தோள் வியாதி காலம் போகத் தானாகவே இளகக்கூடியது. அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார்.

“ஒண்டும் செய்யாமக் கிடக்கிறதவிட நல்லம் எண்டுதானே நீங்களும் சொல்றீங்க? வாங்க, போவம்.”

என் வாதத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டார். போனேன்.

வைத்தியர் சாந்தமான பெண். ஒவ்வொரு முறையும், வலிக்குப் பத்தில் எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்பார். சரியான கேள்விதான். வலியை அளக்க வேறு தராசு இல்லை, நோகிறவர் சொல்வதுதான் கணக்கு. தோளில் ஊசிகளோடு கிடந்தபடி, நம்பாதவளுக்கு இது வேலை செய்யுமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். கணவர் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருப்பார். திரும்பும் வழியில், வாவிப் பாலத்தைக் கடக்கிறபோது, இன்றைக்குப் பத்தில் எத்தனை என்று அவரும் கேட்கப் பழகிவிட்டார்.

மாதங்கள் போகக் கை மெல்ல மெல்ல மேலே ஏறியது. ஊசியா, பயிற்சியா, காலமா? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நான் இல்லையே. இவருக்கோ சந்தேகமே கிடையாது. எங்கள் வயல்வெளியான வட்டையில் வயல் செய்கிற அத்தனை பேரிடமும் ஊசியின் புகழ் பாடினார். அவருடைய சந்தோசத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதற்கிடையில் அவருடைய கையும் தேறியிருந்தது. சிக்கெடுக்கும்போது இப்போது வேர் இழுபடுவதில்லை. அவர் கட்டும் கொண்டை பின்னேரம் வரை அசையாது. கொண்டையை எங்கே போய்க் கட்டிக்கொள்கிறீர்கள் என்று கூடப் படிப்பிக்கிற ஒருத்தி கேட்டபோது, எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒருநாள் காலை, கண்ணாடி முன்னால், என் வலது கை பிடரியைத் தொட்டது. நானே முடியை முறுக்கிக் கட்டிப் பார்த்தேன். துளியும் நோகவில்லை. உடனே அவிழ்த்துவிட்டேன். முன்னறைக்கு வந்தால், அவர் வழக்கம்போலச் சீப்போடு நின்றார்.

“இண்டைக்கு எப்பிடி இரிக்கு? பத்தில எத்தின?”

தரவைத் திரிக்கிற மாணவர் எவரையும் நான் இதுவரை மன்னித்ததில்லை.

“மூண்டு,” என்று சொல்லிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக் கதிரையில் உட்கார்ந்தேன்.