கெம்லில் மாமாவின் கெட்டில்

வடதுருவக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலேயே பெரிய தொண்டை கெம்லில் மாமாவுக்குத்தான். அவர் தும்மினால் ஊர்க்கோடி நாய்கள் எழுந்து நிற்கும். அப்படிப்பட்டவரைப் பிடித்து வால்ரஸ் காவலுக்குப் போட்டது எந்த மகராசனின் மூளையோ. ஆனால் இலையுதிர் காலம் பிறந்துவிட்டால் மனிதர் வாயைத் தைத்துக்கொள்வார்.

வால்ரஸ் நீண்ட தந்தமுள்ள பெரிய கடல் மிருகம், எங்களுக்கு அதுதான் சாப்பாடு. முன்பெல்லாம் அவை மிதக்கும் பனிப்பாளத்தில் படுத்துக்கொள்ளும். இப்போது அந்தப் பனி கோடையிலேயே உருகித் தொலைகிறது. படுக்க இடமில்லாமல் எல்லாம் எங்கள் கரையில் ஏறி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ஆயிரக்கணக்கில் கிடக்கும். ஒரு சத்தம் போதும், மொத்தமும் மிரண்டு கடலுக்குப் பாயும். பெரியவை தப்பித்துவிடும், குட்டிகள் அடியில் நசுங்கும். அதனால் அவை கிடக்கும்வரை நாய்களைத் தூரத்தில் கட்டிவிடுவோம். படகு எஞ்சின் ஓடாது, துப்பாக்கி வெடிக்காது. புருஷன் பெண்டாட்டி சண்டைகூட கிசுகிசுப்பாகத்தான்.

"இப்பத்தான்டா வீடு வீடா இருக்கு," என்பாள் மாமாவின் மனைவி தினேனா அத்தை. "இதுங்க வருஷம் முழுக்க இங்கயே படுத்துக் கெடந்தா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்."

மாமா கையால் ஒரு சைகை காட்டுவார். அதை எழுத முடியாது.

தன் காவலில் கூட்டம் மிரளக் கூடாது, ஒரு குட்டியும் மிதிபடக் கூடாது. அது ஒன்றுதான் அவருக்கு. "குட்டி செத்துட்டே இருந்தா நாளைக்கு எதடா தின்னுவீங்க, என் பூட்ஸையா?" என்பார், அதையும் காதோரம். இரண்டு இலையுதிர் காலம் அப்படியே காப்பாற்றிவிட்டார்.

மூன்றாவது இலையுதிர் காலத்தில் நகரத்திலிருந்து வாதிம் என்றொரு புகைப்படக்காரர் வந்தார். வால்ரஸ்களுக்காக உலகத்தைத் தட்டி எழுப்பப் போகிறாராம். மாமா மேட்டில் வரிசையாகக் கல் வைத்துக் காட்டினார்.

"இதத் தாண்டாதீங்க தம்பி. கரடி சுத்துது."

"நான் மிருகங்களுக்கு நண்பங்க."

"அதக் கரடிகிட்டயும் சொல்லி வைங்க."

மறுநாள் காலை மூடுபனி விலகியபோது, வாதிம் கல்வரிசைக்கு அந்தப் பக்கம் கேமராவில் கண்ணை ஒட்டிக் குப்புறக் கிடந்தார். அவர் முதுகுப்பக்கமாகப் பனிக்கரடி ஒன்று நடந்து வந்துகொண்டிருந்தது. மாமா ஈட்டியைத் தூக்கி, பெரிய ஆளாகத் தெரியப் போட்டிருந்த கோட்டை விரித்துக்கொண்டு அதை நோக்கி ஓடினார். வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக அதற்கே கரடி திரும்பிவிடும். இது திரும்பவில்லை. கரடி விரட்டவென்று இடுப்பில் செருகியிருந்த வெடியை மாமா எடுத்தார். ஒரு தடவை கரையைத் திரும்பிப் பார்த்தார். கொளுத்திவிட்டார்.

கரடி ஓடியது. கரையே எழுந்து ஓடியது.

"ரெண்டு வருஷமா பொத்தி வச்சத மொத்தமா விட்டுட்டாருய்யா," என்றான் படகுக்காரன் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

செத்த குட்டிகளை ஊரைவிட்டுத் தொலைவில் இழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வாசனைக்குக் கரடிகள் ஊருக்குள் வரும். எல்லோரும் கயிறு கொண்டு வந்தார்கள். மாமா கெட்டில் கொண்டு வந்தார். கடல் மிருகத்தை வேட்டையாடினால் அதன் வாயில் நல்ல தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். உப்பிலேயே கிடந்த விருந்தாளிக்குத் தாகம் இருக்கும் அல்லவா. கொன்றவன்தான் ஊற்ற வேண்டும்.

மாமா ஒவ்வொரு குட்டியாகத் தலையைத் தூக்கி ஊற்றினார்.

"யோவ், இதெல்லாம் நீ வேட்டையாடினதா?" என்று அத்தை கத்தினாள். "மிதிபட்டுச் செத்ததுக்கு எதுக்குய்யா தண்ணி?"

"வெடி போட்டது யாரு?"

கரை காலியாகக் கிடந்தது. அப்போதும் அவர் கிசுகிசுத்தார். அத்தை காலி கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டு நிரப்பிவரப் போனாள். வாதிம் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

குளிர்காலத்தில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. போனில் வந்ததை நான்தான் வாசித்துக் காட்டினேன். படத்துக்குக் கீழே "வேட்டைக்காரனும் அவன் கொன்ற குட்டிகளும்" என்று போட்டிருந்தார்கள்.

"கரடி தின்னட்டும்னு விட்டிருக்கணும் அந்த நாய," என்றாள் அத்தை.

"சரியாத்தான் எழுதியிருக்கான்," என்றார் மாமா.

இப்போது கரையில் ஒரு வால்ரஸ்கூட இல்லை. கடல் உறைந்துவிட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், மாமா கத்துவதில்லை. ஒருதடவையாவது கத்தட்டும் என்று போன வாரம் அவர் தேநீரில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன். ஒரு வாய் குடித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். அவர் முழுவதையும் குடித்து முடித்து, கோப்பையைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.