கருவண்டுக்கு வைத்த பொட்டு

சனிக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ராஜாமணி தூக்கத்திலேயே போய்விட்டான் என்று அவன் மனைவி கமலாவின் தம்பி வந்து சொன்னான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?" என்று கத்தினேன். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு, ஃபேக்டரி ஷாப்பில் பக்கத்து பெஞ்ச். திட்ட எனக்கு உரிமை உண்டு.

ஓட்டையைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது என்பது இங்கே கூடியிருக்கிற உங்களுக்கே தெரியும். எண்பதுகளில் ஓர் ஆயுதபூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்தவன், பந்தல் கால்களில் கருவண்டு குடைந்த துளைகளையெல்லாம் சிமெண்டால் பூசிவிட்டான். வெளியே போயிருந்த வண்டுகள் சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன.

அந்த வருஷம் பார்த்துத்தான் அவன் மாமனார் பொங்கலுக்கு வருவதாக இருந்தார். செம்பரம்பாக்கத்தில் கத்தரி பயிரிடுகிறவர். "குவார்ட்டர்ஸ் மண்ணுல இன்னாத்த காய்க்கப் போவுது மாப்ளே?" என்று முன்பே சீண்டியிருந்தார். பொங்கல் குழம்புக்குத் தன் தோட்டத்துக் கத்தரிக்காய்தான் என்று இவன் சவால் விட்டிருந்தான். செடியெல்லாம் தளதளவென்று இருந்தது. பூதான் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது.

பதறிப்போய் ஒரு தேன்பெட்டி வாங்கி வந்தான். தேனீக்கள் நேராக அடுத்த பிளாக் முருங்கைக்குப் போயின. கத்தரிப்பூவில் தேன் கிடையாது, அவை ஏன் உட்காரும்?

"கருவண்டுதான் பூவைப் பிடிச்சு உலுக்கும். அதை நீங்கதானே விரட்டினீங்க?" என்றாள் கமலா. அன்றைக்கே சிமெண்டைக் கொத்தி எடுத்தான். காய்ந்த மூங்கில்களை வெட்டி, வாய் திறந்தபடி சன்ஷேடுக்குக் கீழே கட்டினான். ஓட்டைக்கு வாடகை எவ்வளவு என்று ஷாப்பே அவனை ஓட்டியது. "தேன் கொடுத்தா பெட்டி செஞ்சு வைக்கிறோம். காய் கொடுக்கிறதுக்கு ஒரு ஓட்டை விடக்கூடாதா?" என்றான்.

கார்த்திகை மழை விட்டதும் வண்டுகள் வந்தன. அட, எப்படிக் காய்த்தது தெரியுமா! பொங்கலன்று மாமனார் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். என்ன உரம் என்றார். இவன் அவரை அழைத்துப்போய் மூங்கிலைக் காட்டினான்.

மறுநாள் மாட்டுப்பொங்கல். பெரியவர் மூங்கில்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "உழைச்ச மாட்டுக்குப் பொட்டு வெக்கிறோம். இதுங்களுக்கு வெச்சீங்களா மாப்ளே?" என்றார். ராஜாமணி குங்குமம் எடுக்க உள்ளே ஓடினான். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அதற்கப்புறம் மூங்கில்களுக்குப் பொட்டு வைப்பதை அவன் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை.

அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பொட்டைத்தான். வரும் பொங்கலுக்குக் கமலா வீட்டில் பண்டிகை இல்லை. மறுநாள் நான் குங்குமத்தோடு போவேன். தீட்டு நமக்குத்தான், வண்டுகளுக்கு இல்லை.