கூலிப்படைக்குக் குரல் கொடுத்தவன்

போன வாரம் குவெம்புநகரில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். கிராம்புத் தைல வாசனை, வாய் நிறையப் பஞ்சு, தலைக்கு மேலே வெள்ளை விளக்கு. பழைய கட்டுப்பல் ஆட்டம் கண்டுவிட்டது. கழற்றிப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக, “முன்பல் ஹேகே சார் போச்சு? பைக் ஆக்ஸிடெண்டா?” என்று கேட்டார். “வீடியோ கேம்ல போச்சும்மா” என்றேன். சிரித்துவிட்டார். பஞ்சோடு எவ்வளவுதான் விளக்க முடியும்? உங்களிடம் சொல்கிறேன்.

என் முதல் வேலை சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில். வெளிநாட்டுக்காரர்களுக்காக ஒரு கேம் செய்துகொண்டிருந்தோம். காய் நகர்த்துகிற மாதிரி ஆட்டம். ஆறு கூலிப்படை ஆட்களை அமர்த்திக்கொண்டு, நம் முறை வரும்போது ஒவ்வொருவனையும் சுவர் ஓரம், ஜன்னலுக்குக் கீழே என்று நகர்த்திச் சுடவைக்க வேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான், எதிரியின் முறை. அதில் நம் ஆள் செத்தால் செத்ததுதான். பட்டியலில் அவன் பெயர்மேல் ஒரு சிவப்புக் கோடு விழும். பிறகு அவன் வரவே மாட்டான்.

சத்தங்கள் என் பொறுப்பு. துப்பாக்கிச் சத்தமெல்லாம் விலைக்குக் கிடைக்கும். சாகிற சத்தத்தை மட்டும் நாமே செய்வோம் என்றார் முதலாளி மஞ்சுநாத். சாமான் அறையின் சுவர்களில் தேங்காய் நார் மெத்தைகளைச் சாத்தி அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்தோம். அந்த நார் வாசனைக்குள் நின்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது செத்திருப்பேன். வயிற்றில் குண்டு, கழுத்தில் கத்தி, தீ, கையெறி குண்டு. மேல்கோட்டையில் சின்ன வயசில் கோஷ்டியில் நின்று பாசுரம் சொன்ன தொண்டை, மூச்சு நீளம். “ஐயங்கார் சத்தா சூப்பர்! இன்னொம்மே!” என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மஞ்சுநாத் விரலை ஆட்டுவார். ஐயங்கார் செத்தது பிரமாதம், இன்னொரு தடவை சாக வேண்டும் என்று அர்த்தம். ஒரு நாள் கீழ்வீட்டுக்காரர் கிரிக்கெட் மட்டையோடு மாடியேறி வந்துவிட்டார். யாரோ யாரையோ கொல்கிறார்கள் என்று நினைத்தாராம். அவருக்கு இரண்டு தடவை செத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

கேமை ஆடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை பொன்னுசாமிக்கு. ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரன். என் வயசுதான், ஆனால் ‘ங்க’ போடாமல் அவனுக்கு ஒரு வாக்கியம் முடியாது. கெட்டிக்காரன், ஒரு குறைதான், அவன் ஆடினால் யாரும் சாக மாட்டார்கள். ஒருவனுக்குக் காலில் அடிபட்டால் மற்ற ஐந்து பேரையும் திருப்பிக் கொண்டுவந்து அவனை இழுத்துப் போவான். சண்டையே தோற்றுப் போகும். மஞ்சுநாத் தலையில் அடித்துக்கொள்வார். “சாயிஸப்பா, சாகடி! செத்தாத்தானே செக் பண்ண முடியும்?”

ஒரு மத்தியானம், புது மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, டிபன் டப்பாவோடு அவன் ஸ்டூடியோவுக்குள் வந்து உட்கார்ந்தான். “ஏன் பொன்னுசாமி, ஒரு பொம்மைக்காக இவ்ளோ பாடு படறே?” என்று கேட்டேன்.

“உட்டுட்டு எப்படிங்க போறது?” என்றான். பிறகு தயிர்சாதத்தை அளைந்துகொண்டே சொன்னான். அவர்கள் மக்காச்சோளக் காட்டில் பன்றித் தொல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த ஒருவனைக் கூலிக்குக் கூட்டி வந்திருந்தார். விடிகிற நேரம். பொன்னுசாமியின் அண்ணன் தண்ணீர் பாய்ச்சப் பயிருக்குள் குனிந்து போயிருக்கிறார். கூலிக்காரன் அசைவைப் பார்த்துச் சுட்டுவிட்டான். வயிறு முழுக்க ஈயச் சில்லு. பொன்னுசாமி ஓடிப் போய்த் துண்டை வைத்து அழுத்தினான். துண்டு நனைந்து, கை நனைந்து, முழங்கை வரை சூடாக வழிந்ததாம். டெம்போவில் போட்டுக் கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அண்ணன் தலை இவன் மடியில்.

“கத்தவே இல்லீங்க. கேம்ல கத்துற மாதிரி யாரும் கத்த மாட்டாங்க. ‘மோட்டார நிறுத்துனியாடா’ன்னு கேட்டாருங்க. நிறுத்திட்டேன்னேன். அப்புறம் இப்படி...” என்று அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினான். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறங்குகிற மாதிரி, சின்னதாக, ஒரு சத்தம். அவ்வளவுதான். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

மைக் ஓடிக்கொண்டிருந்தது.

வேண்டுமென்று பதிவு செய்யவில்லை, அது சத்தியம். ஆனால் மாலையில் ஹெட்போனில் கேட்டபோது என் கை மயிர் நட்டுக்கொண்டது. என் நாற்பது சாவும் அதன் முன்னால் நாடகக் கொட்டகை. முன்னும் பின்னும் வெட்டினேன். அந்தக் கேள்வி, அந்தச் சத்தம், இரண்டை மட்டும் எடுத்துக் கேமில் சேர்த்தேன். தமிழ் தெரியாத வெளிநாட்டுக்காரனுக்கு என்ன புரியப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மஞ்சுநாத் ஹெட்போனைக் கழற்றாமல் இரண்டாவது தடவையும் கேட்டார். “யாருதிது?” என்றார். என்னுடையது என்றேன். அதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

நான்கைந்து நாள் கழித்துப் பொன்னுசாமி புதிய பதிப்பை ஆடிக்கொண்டிருந்தான். அவன் ஆள் ஒருவன் கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து வயிற்றில் சுட்டார்கள். திரையில் அவன் மண்டியிட்டு விழுவது என் மேஜையிலிருந்தே தெரிந்தது. பொன்னுசாமி ஹெட்போனை மெதுவாகக் கழற்றினான். எழுந்து ஸ்டூடியோவுக்குள் போனான். வரும்போது கையில் மைக் ஸ்டாண்டின் இரும்புக் குழாய்.

“ஏனுங்க, அது எங்கண்ணனுங்க” என்றான். அடித்தான்.

முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். பல் உடைகிற சத்தம் மண்டைக்குள்ளிருந்து கேட்கும், தெரியுமோ? அதை எந்த மைக்கும் பிடிக்காது. தரையில் விழுந்தேன். கீபோர்டு மேலெல்லாம் ரத்தம். மூன்றாவது அடிக்குக் குழாயை ஓங்கியவன் அப்படியே நின்றான். கீழே போட்டான். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் வாயில் வைத்து, பிடரியில் ஒரு கை கொடுத்து, “அழுத்திப் புடிங்க, எடுக்காதீங்க, அழுத்திப் புடிங்க” என்றான். அந்தக் கை எங்கே பழகியது என்று எனக்குத் தெரியும். இருவருமே அழுதுகொண்டிருந்தோம். மற்றவர்கள் ஓடி வந்தபோது அவன் படியிறங்கிவிட்டான். மறுபடி வரவில்லை.

மஞ்சுநாத் போலீசுக்குப் போகலாம் என்றார். அப்போதுதான் அந்தக் குரல் யாருடையது என்று வீங்கிய வாயால் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னொரு அடியே வாங்கியிருக்கலாம். அன்றைக்கே உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேமிலிருந்து எடுத்தேன். என் கம்ப்யூட்டரில், சர்வரில், காப்பிக்கு வைத்திருந்த டிஸ்க்கில், எங்கும் ஒரு துளி மிச்சமில்லாமல் அழித்தேன். பரிகாரம் செய்துவிட்டதாக நினைத்தேன். அந்த இடத்துக்குத் தையல் போட்ட உதட்டோடு நானே கத்தினேன்.

கேம் வெளிவந்தது, அதிகம் பேர் வாங்கவில்லை. இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. மஞ்சுநாத் கம்பெனியை மூடிவிட்டார். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மன்னிப்புக் கேட்காமல் செத்துப்போகக் கூடாது என்று தோன்றி, கொள்ளேகால் வழியாக ராமாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பொன்னுசாமி உரக்கடை வைத்திருந்தான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். “வாங்க, வாங்க. டீ குடிக்கிறீங்களா?” நான் ஆரம்பித்த மன்னிப்பை முடிக்கவே விடவில்லை. “நானுந்தானுங்க அடிச்சுப்போட்டேன்” என்றான். டீ வந்தது. குடித்து முடிக்கும்வரை எதையோ கேட்கத் தயங்கிக்கொண்டே இருந்தான்.

“அந்தப் பதிவு இருக்குதுங்களா?”

காலி கிளாஸைக் கீழே வைத்தேன்.

“அண்ணன் குரலு மறந்துபோச்சுங்க. போட்டோ இருக்குது, குரல் இல்லீங்க. அன்னிக்கு உங்ககிட்டச் சொன்னப்ப அப்படியே அவர் மாதிரி வந்துச்சு. கேம்ல கேட்டப்ப அவரே பேசுன மாதிரி இருந்துச்சு, அதுக்குத்தான் அத்தனை கோவம். அப்புறம் காட்டுக்குள்ள தனியா நின்னு எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தனுங்க. வர மாட்டீங்குது.”

அழித்துவிட்டேன் என்றேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்றேன்.

அவன் தலையாட்டினான். கிளாஸ்களை ஓரமாக நகர்த்திவிட்டு, “நீங்க எத்தனையோ தடவ கேட்டிருப்பீங்கல்ல? ஒருக்கா சொல்லிக் காட்டுங்க” என்றான்.

உர மூட்டைகளுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டேன். அந்தச் சத்தத்தையும் செய்தேன். கண்ணைத் திறந்தேன். அவன் தலையைச் சாய்த்து, முகம் முழுக்கக் காதாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“இல்லீங்க” என்றான் மெதுவாக. “அது இல்லீங்க.”