பஸ் வீட்டின் அரை ஏணி

என் கணவர் புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் வேலை பார்த்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் அவருக்கு டைபாய்டு கண்டது. தூக்கி உட்கார வைத்தாலும் சரிந்துவிடுகிற நிலையில் அவர் கிடந்தபோது, இறைவனிடம் நான் ஒரு வேண்டுதல் வைத்தேன். இவர் எழுந்து நடந்தால் இருவருமாகப் பாடல் பெற்ற தலங்களுக்குப் போவோம். ஒவ்வொரு தலத்திலும், நானே வளர்த்த செடியில், சூரியன் எழுமுன் என் கையாலேயே பறித்த பூவைச் சாத்துவேன். ஓரிடத்தில் தவறினாலும் மறுபடி முதல் தலத்திலிருந்து தொடங்குவேன். பதிகங்களைப் பாடி வளர்ந்தவள் நான். வண்டு வாய் வைக்குமுன் பறித்த மலரின் அருமையை அந்தப் பாட்டுகள்தாம் எனக்குச் சொல்லியிருந்தன.

அவர் எழுந்தார். வேண்டுதலைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அது சரி புள்ள, செடி எப்பிடி நம்மகூட ஊர் ஊரா வரும்?"

விடையையும் அவரே கண்டுபிடித்தார். கம்பெனி கழித்துப்போட்டிருந்த பழைய பஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கப் பலகை அடித்தார். ஓரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பும் தண்ணீர்ப் பானையும் சுவாமி படமும் வைத்தோம். மூட்டை ஏற்றுகிற கூரையில், கம்பி அடைப்புக்குள், பாதியாக வெட்டிய தகர டின்களில் செம்பருத்தியும் அரளியும் நின்றன. காற்றில் செடி வாடுமென்று அவர் மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டுவார். சைக்கிளில் வருகிறவர்கள் எங்களை முந்திப் போவார்கள்.

கூரைக்கு ஏற, பஸ்ஸின் பின்புறத்தில் இரும்பு ஏணி ஒன்று முன்பே இருந்தது. விடியுமுன் அதில் ஏறித் தண்ணீர் ஊற்றிப் பூப்பறித்து இறங்குவேன். சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றை அப்படியே முடித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பினோம்.

அறந்தாங்கிக்கு அருகே, அன்று சந்தை நாள். இஞ்சின் சூடேறிவிட்டதென்று ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, அவர் முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே தடதடவென்று சத்தம். நான் இறங்கிப் பார்த்தேன். ஒரு பெரியவர் கூரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஓர் ஆடு.

"ஏங்க, எறங்குங்க! இது பஸ்ஸு இல்லைங்க, வீடு" என்றேன்.

"வீடா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுக்கு எதுக்கு ஆத்தா பொறத்தால ஏணி? ஏணி இருந்தா ஏறத்தானே செய்வாக? அங்கிட்டு ரெண்டு பேரு மூட்டையோட வாராக, கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க."

அவரை இறக்குவதற்குள் ஆடு செம்பருத்தி முழுவதையும் முடித்துவிட்டது. அரளி விஷமென்று அதற்குத் தெரியும் போலும். அதை மட்டும் தொடவில்லை.

"ஏணியக் கழட்டிப்புடுவோம்" என்றார் என் கணவர். "அது இருக்குற வரைக்கும் ஊரே ஏறும்."

"அப்புறம் நான் எப்படி ஏறுறது?"

"நான் டயர்ல கால வச்சு ஏறிப் பறிச்சுத் தாரேன்."

"என் கையால பறிக்கிறதாத்தானே வேண்டிக்கிட்டேன்?"

"சாமிகிட்ட ஒரு வார்த்தை என்னையக் கேட்டுட்டு வேண்டியிருக்கக் கூடாதா?"

"நீங்க அப்பக் கண்ணையே தொறக்கலையே" என்றேன். அவர் போய் இஞ்சினைக் கிளப்பினார்.

அறந்தாங்கிக் கொல்லுப்பட்டறையில் ஏணி என் மார்பு உயரத்தில் இரண்டாக அறுபட்டது. மேல்பாதி பஸ்ஸிலேயே நின்றது. கீழ்ப்பாதிக்கு என் கணவர் இரண்டு கொக்கிகள் வைத்து, வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றிப் பலகைக்கடியில் தள்ளிவிடும்படி செய்தார். ஈரக்கால் வழுக்காமலிருக்க ஒவ்வொரு படியிலும் தேங்காய் நார்க் கயிற்றை அவரே உட்கார்ந்து நெருக்கிச் சுற்றினார். அதன்பின் எந்தச் சந்தையிலும் யாரும் ஏறவில்லை.

மணமேல்குடியில் ஓரிரவு தங்கினோம். காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி நான் இறங்கியதும், அவர் கீழ்ப்பாதியைக் கழற்றி, தம் ஈரவேட்டியைக் காயப்போட ஒரு முருங்கை மரத்தில் சாய்த்தார். புறப்படும்போது வேட்டியை ஞாபகமாக எடுத்துக்கொண்டார். அன்று மாலை திருப்புனவாயில் கோயிலருகே வந்து நின்றோம். மறுநாள் கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோதுதான், பலகைக்கடியில் ஏணி இல்லை என்பது தெரிந்தது.

மேலே அரளி பூத்திருந்தது. டயரில் கால் வைத்துப் பார்த்தும் என்னால் எட்ட முடியவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டோம், கோயிலில் ஓர் ஏணி உண்டு, ஆனால் கதவு திறக்கச் சூரியன் வந்துவிடும் என்றார்கள். முதல் தலம் எவ்வளவு தொலைவு என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டியது.

அவர் பஸ்ஸின் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். "ஏறு" என்றார்.

"எதுல?"

"என் தோள்ல."

"என்ன பேச்சு பேசுறீங்க? ஒங்க மேல நான் கால வைக்கிறதா?"

"மதுரையில சாமியே மண்ணு சுமந்துச்சுன்னு நீதானே நெதம் சொல்லுவ? அது சுமக்கலாம், நான் சுமக்கக் கூடாதாக்கும்?"

"நான் சொல்றப்பல்லாம் தூங்குற மாதிரிக் கெடந்துட்டு, இதுக்காகவா கேட்டு வச்சிருந்தீங்க?"

"வெடியுது புள்ள. ஏறு."

பூக்கூடையைக் கையில் கோத்துக்கொண்டேன். மேல்பாதி ஏணியைப் பற்றியபடி, கண்ணை மூடி ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு, வலது காலை அவர் தோளில் வைத்தேன். அவர் மெல்ல எழுந்தார். காய்ச்சலில் கிடந்தபோது அந்தத் தோளுக்கு எத்தனை முறை திருநீறு பூசியிருப்பேன்! அப்போது விரலுக்கு எலும்புதான் தட்டுப்பட்டது. இப்போது என் பாதத்தின் கீழ் அது திரண்டு, நடுங்காமல் நின்றது. கேட்டதை இறைவன் கொடுத்துவிட்டான் என்பதைக் கோயில்களில் கைகூப்பி நின்றபோதெல்லாம் மனத்தால்தான் அறிந்திருந்தேன். அன்றுதான் உடம்பால் அறிந்தேன்.

பூவோடு இறங்கியதும், கால் பட்ட அவருடைய தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"கைய அலம்பிட்டுப் பூவத் தொடு" என்றார் அவர். "தோளெல்லாம் கிரீஸு."

திருப்புனவாயில் இறைவனின் திருமேனி மிகப் பெரியது. என் ஒரு கூடை அரளி அதன்மேல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. குருக்கள் திருப்பித் தந்த பூ ஒன்றை என் கணவரின் காதில் செருகினேன்; வண்டியைத் திருப்பி மணமேல்குடி வந்து சேரும்வரை அதை எடுக்காமலே ஓட்டினார்.

அங்கே ஓர் அம்மாள் எங்கள் அரை ஏணியில் நின்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். "ஒங்களுதாங்க? நல்லாக் கால் புடிக்கிது" என்று சொல்லி, ஏணியோடு கை நிறைய முருங்கைக்காயும் கொடுத்தார்.

மறுநாள் விடியுமுன் ஏணியை மாட்டினார். முருங்கை மரத்தில் அழுந்தி விரிந்திருந்த கொக்கி சற்று ஆடியது. நான் ஏறும்போது ஆட்டத்தை நிறுத்த, என் காலுக்கருகே ஏணியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சிய தலங்கள் அத்தனையிலும் அப்படியே நின்றார். பட்டறைக்காரருக்கு ஒரு கொக்கியை இறுக்குவது பெரிய வேலையல்ல. நான் இறுக்கச் சொல்லவில்லை, அவரும் இறுக்கவில்லை.