பர்சி என்னும் தீவு

ஈனாஸ் டிராட் பிறந்தது, கலியாணம் முடித்தது, மாடு வளர்த்தது எல்லாம் பர்சியில்தான். தேவாலயத்துக் கல்லில் அந்த ஊரின் பெயர் பிரிடசேய். பழைய வரைபடத்தில் பிரிட்சி. எங்கள் வாயில் தேய்ந்து பர்சி. பிரிடா என்ற ஒருவனின் தீவு என்று பொருள். இங்கே, இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பில், தீவுப் பெயர் கொண்ட மேடுகளை வெள்ளம் தொடாது என்று எல்லோருமே நம்பினோம். தண்ணீர் ஏறினால் மாடுகள் தாமாகவே மேட்டு முற்றத்துக்கு வந்துவிடும். கன்றிலேயே அப்படிப் பழக்கிவிடுவோம்.

நான் அவரிடம் பால் கறக்கும் வேலையில் இருந்தேன். அந்தப் பிப்ரவரியில் மழை விடவேயில்லை. மற்ற பண்ணைக்காரர்கள் மாடுகளை லாரியில் அனுப்பிவிட்டார்கள். கடைசி லாரியோடு பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் ரெஜ் வந்தார்.

"ஏத்துய்யா ஈனாஸ். மத்தியானத்துக்கு மேல ரோடு இருக்காது."

"சேத்துப் பள்ளம்னுதான் உன் ஊருக்குப் பேரு, நீ ஓடு. இது தீவுடா. ஆயிரம் வருசமா நனையல."

"பேரு நனையாதுய்யா, தரை எறங்கிப்போச்சே! எத்தனை காலமா சதுப்பை வடிச்சு வடிச்சுக் காயப்போடுறோம், அமுங்காதா?"

"டீ குடிச்சிட்டுப் போ."

ரெஜ் குடிக்காமலே போனார்.

மதியம் மாட்டுக்கொட்டகைக்குள் தண்ணீர் வந்தது. ஈனாஸின் மனைவி ஏவிஸ் அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"கேட்டைத் தெறங்க! இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

திறந்தார். மூவருமாக மாடுகளை ரோட்டுப் பக்கம் ஓட்டினோம். தண்ணீர் வயிற்றைத் தொட்டதும், முன்னால் போன கிழட்டு டாப்னி நின்றது. பிறகு திரும்பியது. அதன் பின்னால் எல்லா மாடுகளும் திரும்பின.

"டாப்னி! ஏ தங்கம், இங்க வாடி! அங்க போகாத, அங்க ஒண்ணுமில்ல!"

ஈனாஸ் கத்தினார். மாடுகள் எங்களை இடித்துக்கொண்டு முற்றத்துக்கே போய், எப்போதும்போல நெருக்கியடித்து நின்றன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

படகில் வந்தவர்கள் ஏவிஸையும் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அவர் ஏறவில்லை. டாப்னியின் தாடையைத் தோளில் தாங்கி, அதன் மூக்கைத் தண்ணீருக்கு மேலே பிடித்தபடி நின்றார்.

மறுநாள் அவரை மட்டும்தான் உயிரோடு கொண்டுவர முடிந்தது.

இப்போது டவுனில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் ஏவிஸ்தான் பதில் சொல்கிறாள்.